இருபது மீட்டருக்குக் கீழே

பறக்கக் கற்றுக்கொள்ள வந்த இல்கா, இறந்துபோன புருஷன் தேனெஷின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பறக்கும் சங்கத்துக் கொட்டகையில் ஆணிகளில் ஆறு ஹெல்மெட்டுகள் தொங்கின. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று பயிற்சியாளர் ஷரோல்தா சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. தேனெஷ் விழுந்த அன்று போட்டிருந்தது விசாரணைக்காரர்களிடம் போய்விட்டது. இது அவன் பயிற்சிக் காலத்தில் போட்டது. வெள்ளை நிறம், பின்மண்டையில் ஒரு பச்சைக் கோடு. இல்காவின் தலைக்குக் கொஞ்சம் பெரிது, உள்ளே கம்பளித் தொப்பி வைத்து இறுக்கிக்கொண்டாள்.

ஜைரோ என்கிற அந்தச் சின்னப் பறக்கும் வண்டியில் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். முன்னால் மாணவர், பின்னால் பயிற்சியாளர். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முகம் தெரியாது. ஒரு ஹெல்மெட், இரண்டு தோள், இரண்டு முழங்கை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக ஷரோல்தா தன் மாணவர்களை முதுகை வைத்தே அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். தேனெஷுக்கு இடது தோள் எப்போதும் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். திரும்புவதற்கு முன்னால் மூக்குக்குள்ளேயே ஏதோ ஒரு மெட்டை முனகுவான். அது ஷரோல்தாவின் ஹெல்மெட்டில் இருக்கும் காதுக்கருவியில் கொசு மாதிரி கேட்கும்.

இல்கா வந்து சேர்ந்தது பிப்ரவரியில். ஏப்ரலில் அவள் இடது தோள் இறங்க ஆரம்பித்தது. ஹெல்மெட் பெரிது, கழுத்து வலிக்கும், அதனால் சாய்கிறாள் என்று ஷரோல்தா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மே மாதம் முனகலும் கேட்டது. அன்றைக்கு இறங்கியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பாட்டு எங்க புடிச்ச?"

"எந்தப் பாட்டு?"

"மேல போனா முனகுறியே, அது. தேனெஷ் வீட்டுல பாடுவானா?"

இல்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "தேனெஷா? பதினோரு வருஷத்துல அவன் வாயில ஒரு பாட்டு வந்து நான் கேட்டதில்ல. நானும் எதுவும் முனகல."

அதற்கு மேல் ஷரோல்தா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தனக்குத்தான் தூக்கம் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தேனெஷ் செத்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. ஜைரோவின் தலைக்கு மேல் சுற்றும் இறக்கைக்கும் என்ஜினுக்கும் சம்பந்தம் கிடையாது. காற்றுதான் அதைச் சுற்றுகிறது. என்ஜின் பின்னால் இருக்கும் விசிறியைச் சுற்றி வண்டியை முன்னால் தள்ளும், அது மட்டும்தான் அதன் வேலை. அதனால் என்ஜின் நின்றாலும் மேலே இறக்கை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மூக்கைத் தாழ்த்தி வேகத்தை விடாமல் வந்தால், ஒரு கல்யாணக் கூடாரம் போடும் இடத்தில் பூப்போல இறக்கிவிடலாம். வேகத்தை விட்டுவிட்டால்தான் வினை. காற்றில் நின்றுவிட்டு, நின்ற இடத்திலிருந்து பொத்தென்று விழும்.

போன ஆகஸ்டில், லைசென்ஸ் வாங்கிய நான்காம் நாள், தேனெஷுக்கு என்ஜின் நின்றது. பெட்ரோல் குழாயில் அடைப்பு. கீழே அறுத்து முடித்த கோதுமை வயல், உள்ளங்கை மாதிரி தட்டை. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் முழுவதையும் பார்த்திருக்கிறார். அழகாக இறங்கி வந்தானாம். ஒரு நெட்டிலிங்க மரத்தின் உயரத்துக்கு வந்தபோது மூக்கைத் தூக்கினானாம். நின்றானாம். விழுந்தானாம். உடைசலில் பார்த்தபோது த்ராட்டில், அதாவது என்ஜினுக்கு வேகம் கொடுக்கும் அந்தக் கைப்பிடி, முழுக்க முன்னால் தள்ளியிருந்தது. செத்த என்ஜினுக்கு எதற்காக ஒருவன் வேகம் கொடுப்பான்? விசாரணை அறிக்கையின் கடைசி வரி: விமானியின் இந்தச் செயலுக்குக் காரணம் தெரியவில்லை.

காரணம் தெரியவில்லை என்று அரசாங்கம் எழுதினால் மிச்சத்தை ஊர் எழுதிக்கொள்ளும். அன்று காலை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. கூரை ஒழுகுகிறது, அதைப் பார்க்காமல் ஆகாயத்துக்குப் போகிறாயா என்று அவள் கத்தியதும், "போ! அங்கயே இரு! திரும்பி வராத!" என்று வாசல்வரை வந்து கத்தியதும் தெருவுக்கே கேட்டது. அப்புறம் என்ன, இறங்க இடம் இருந்தும் இறங்கவில்லை, வேண்டுமென்றே விழுந்தான் என்று ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடக்கத்துக்கு வந்த மாமியார் இல்காவுக்குக் கை கொடுக்கவில்லை. ரொட்டிக்கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

அதனால்தான் அவள் வந்தாள். ஷரோல்தா ஏன் என்று கேட்டபோது ஒளிக்காமல் சொன்னாள்.

"அவன் தெரிஞ்சே செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அறிக்கைய நாப்பது தடவ படிச்சாச்சு. பேப்பர்ல ஒண்ணும் இல்ல. அவன் உக்காந்த எடத்துல உக்காந்தா தெரியுமோ என்னமோ."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா பறக்கவாவது தெரியுமில்ல."

ஷரோல்தாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. தேனெஷுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். எல்லாவற்றையும் சரியாகத்தான் கற்றுக்கொடுத்தாள். தலைநகரத்திலிருந்து வந்த பரிட்சைக்காரர் அவனுக்கு எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் போட்டார். ஆனாலும் எங்கே தப்பு என்று அவள் தேடாத நாள் இல்லை, கிடைத்த நாளும் இல்லை.

என்ஜின் நின்றால் இறங்கும் பாடத்தை எங்கள் ஊர்ச் சங்கத்தில் நடத்தும் விதம் இப்படி. முந்நூறு மீட்டரில் பயிற்சியாளர் த்ராட்டிலை இழுத்து மூடுவார். பின் சீட்டிலும் ஒன்று உண்டு, இரண்டும் ஒரே கம்பியில் கட்டியவை. மாணவர் மூக்கைத் தாழ்த்த வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வயலைத் தேர்ந்து அதை நோக்கி இறங்க வேண்டும். இருபது மீட்டரில் பயிற்சியாளர், "கேஸ், மேல!" என்பார். மாணவர் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மூக்கைத் தூக்கி மறுபடி ஏறுவார். தரையைத் தொடுவது கிடையாது. முன்பெல்லாம் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருவன் ஒரு சக்கரத்தை ஒடித்தான், பக்கத்து வயல்காரர் குதிரைமசால் தீவனம் நாசமாகிறது என்று சண்டைக்கு வந்தார். சங்கத் தலைவர் போல்திஜார் மேஜையைத் தட்டி, "இருபது மீட்டருக்குக் கீழ ஒருத்தனும் போகக்கூடாது. கடைசி இருபது மீட்டர்ல என்ன இருக்கு, மண்ணுதானே" என்றார். அவர் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஷரோல்தாவும்தான். ஓடுபாதையில் இறங்கும்போதுகூட எல்லாரும் என்ஜினில் கொஞ்சம் உயிரை வைத்துக்கொண்டே இறங்கினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நண்பகல். அன்று சரியாகச் செய்துவிட்டால் இல்காவைத் தனியாகப் பறக்க விடும் காகிதத்தில் ஷரோல்தா கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்குப் போட மனமில்லை, போடாமலிருக்கக் காரணமும் இல்லை. இல்கா நன்றாகத்தான் பறந்தாள். தேனெஷ் அளவுக்கு நன்றாக. அதுதான் பயமாக இருந்தது.

மெக்கானிக் வெந்தெல் தர்பூசணித் துண்டு ஒன்றைக் கடித்தபடி வண்டியைச் சுற்றி வந்தான்.

"உங்க ரெண்டு பேரையும் சேத்து நிறுத்தாலும் ஒரு நல்ல பன்னி எடை வராது," என்றான். "ஆனா நேத்து மேல இறக்கைச் சுத்து நிமிஷத்துக்கு முந்நூத்தி எழுபது காட்டுச்சாம்ல?"

"காட்டுச்சு."

"ஆள் கனமா இருந்தாதான் அது வேகமாச் சுத்தும். உங்களுக்கு முந்நூத்தி நாப்பதே ஜாஸ்தி. மீட்டர மாத்திட்டேன். இன்னிக்கும் அதையே காட்டுச்சுன்னா, மூணாவது ஆள எறக்கி விட்டுட்டுப் போங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவன் இல்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். தர்பூசணி விதையைக்கூடத் துப்பாமல் விழுங்கிவிட்டான் என்று நினைக்கிறேன்.

இல்காவுக்குக் கோபம் வரவில்லை. "அவனோட நீ பறந்தப்போ எவ்வளவு காட்டும்?" என்று ஷரோல்தாவிடம் கேட்டாள்.

"ஞாபகம் இல்ல."

ஞாபகம் இருந்தது. முந்நூற்று எழுபது.

ஏறினார்கள். எங்கள் சமவெளியில் ஆகஸ்ட் நண்பகலுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. இருப்பதை மறைக்கும், இல்லாததைக் காட்டும். ஓடுபாதையை விட்டு எழுந்தவுடனேயே கானல் தொடங்கிவிட்டது. வறண்ட உப்பு மண்ணில் தண்ணீர் தளும்பியது. தூரத்தில் ஒரு ஏற்றக் கிணறு தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதந்தது. அதற்கும் அப்பால் திசா ஆற்றங்கரைக் கோயில் கோபுரம் தலைகீழாகத் தொங்கியது. ஷரோல்தாவுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்து பழக்கம். இருந்தாலும் அன்று அவளுக்குக் கீழே பார்க்கப் பிடிக்கவில்லை. மீட்டரைப் பார்த்தாள். முந்நூற்று எழுபது. வெயில், காற்று லேசாகிவிட்டது, அதனால் இருக்கும். அப்படி நினைத்துக்கொண்டு முன்னால் இருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தாள். பார்க்க வேறு எதுவும் இல்லை.

முதல் தடவை த்ராட்டிலை இழுத்தாள். இல்கா மூக்கைத் தாழ்த்தி, திரும்பி, குதிரைமசால் வயலை நோக்கி இறங்கினாள். "கேஸ், மேல!" ஏறினாள். இரண்டாவது தடவையும் அப்படியே, கொஞ்சம்கூடப் பிசகவில்லை. சூரியகாந்தி வயல்கள் கறுத்துத் தலை குனிந்து நின்றன. அவற்றின் மேலே போகும்போது காதுக்கருவியில் முனகல் ஆரம்பித்தது.

"இல்கா, பாடுறியா?"

"இல்லையே," என்றது இல்காவின் குரல். அவள் பேசும்போதும் முனகல் நிற்கவில்லை என்று ஷரோல்தா இன்றுவரை சத்தியம் செய்கிறாள். காற்றாக இருக்கலாம். பிளக் லூஸாக இருக்கலாம். நான் எதையும் சொல்வதற்கில்லை.

மூன்றாவது தடவைக்காக முந்நூறு மீட்டருக்கு ஏறினார்கள். ஷரோல்தாவின் கை முழங்காலின் மேல் இருந்தது. அவள் இன்னும் த்ராட்டிலைத் தொடவில்லை.

என்ஜின் ஒரு முறை இருமியது. அப்புறம் நின்றது.

முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாக அதிர்ந்துகொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனதை அவள் முதலில் முதுகெலும்பில்தான் உணர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். விசிறி நின்றிருந்தது. அதன் ஒரு தகடு நேராக வானத்தைப் பார்த்து நின்றது. காற்றின் இரைச்சலும், தலைக்கு மேல் இறக்கை வெட்டும் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. முனகலும் நின்றுவிட்டது.

"சரி, மூணாவது," என்றாள் இல்கா சாதாரணமாக, மூக்கைத் தாழ்த்தினாள்.

ஷரோல்தாதான் இழுத்து மூடினாள் என்று நினைத்திருக்கிறாள். மூடிய என்ஜினின் சத்தமும் செத்த என்ஜினின் மௌனமும் ஹெல்மெட்டுக்குள் ஒரே மாதிரிதான் கேட்கும், வித்தியாசம் தெரிய அனுபவம் வேண்டும். இங்கே பயிற்சியாளர் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று: "இது நிஜம்" என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் வண்டியைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷரோல்தா இரண்டையும் செய்யவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள், நன்றாகத்தானே இறங்குகிறாள், கெடுப்பானேன் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள். அது பாதி உண்மைதான். மீதி உண்மை, அவளால் அந்த ஹெல்மெட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. தோள் இறங்கியது. வண்டி இடதுபக்கம் திரும்பியது. எதிர்க்காற்றில், அறுத்த கோதுமை வயல் ஒன்று நேரே வந்து நின்றது. எல்லாம் அவ்வளவு அழகு. டிராக்டர்க்காரர் சொன்னது அவள் காதில் கேட்டது: அழகா இறங்கி வந்தான். தான் இப்போது இல்காவைப் பார்க்கவில்லை, போன வருஷத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. தேனெஷின் பின்னால் காலியாக இருந்த அந்தச் சீட்டில் தான் உட்கார்ந்திருக்கிறோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் ஏன் செத்தான் என்று தெரிந்துவிடும்.

நூறு மீட்டர். அறுபது. வயலில் வைக்கோல் கட்டுகளின் நிழல்கள் தெரிந்தன. கானல் வயல் ஓரத்தில் தண்ணீர் மாதிரி நக்கிக்கொண்டிருந்தது. நாற்பது. வேகம் சரி, காற்று சரி, எதுவும் தப்பில்லை. அப்படியே விட்டால் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகாது. முப்பது.

இருபதில் ஷரோல்தாவின் நாக்கு தானாகப் புரண்டது. "கே—" என்று ஆரம்பித்துவிட்டது. யோசித்து வந்த சொல் இல்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த உயரத்தில் வந்த சொல், அதனால் வந்தது. அதே நொடியில் முன்னால் இல்காவின் இடது முழங்கை முன்னே நகர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அவ்வளவு நாள் தேடிக் கிடைக்காதது, ஒரு முழங்கை அசைந்ததில் கிடைத்தது.

பாய்ந்து தன் பக்கத்துத் த்ராட்டிலைப் பிடித்தாள். முழங்கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து தள்ளினார்கள். ஐம்பத்து நாலு கிலோ பெண்ணின் தள்ளல் மாதிரி இல்லை அது. அவள் உள்ளங்கைத் தோல் பிய்ந்தது. வண்டியின் மூக்கு மேலே எழ ஆரம்பித்தது, காற்றின் இரைச்சல் குறைந்தது. அந்தக் குறைவு என்னவென்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு மூச்சு விட்டால் நின்றுவிடும்.

"மூக்கு கீழ! ஏறாத! இறக்கு!"

வலது கையால், மூக்கை ஏற்றி இறக்கும் தன் ஸ்டிக்கை முன்னால் நெருக்கினாள், மெதுவாக, முரட்டுத்தனம் செய்தால் மேலே இறக்கை செத்துவிடும். ஒரு கணம் வண்டி யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தது. பிறகு அந்தப் பக்கத்துத் தள்ளல் சட்டென்று விட்டது. மூக்கு தாழ்ந்தது. இரைச்சல் திரும்பி வந்தது. தரை முகத்துக்கு நேரே ஏறி வந்தபோது இல்காவே ஸ்டிக்கை இழுத்தாள். யாரும் சொல்லித்தராத அந்தக் கடைசி இரண்டு மீட்டரை அவள் எப்படிச் செய்தாள் என்று தெரியாது. சக்கரங்கள் தடாலென்று வைக்கோல் தாளில் மோதின. பத்தடி உருண்டு நின்றது.

மேலே இறக்கை சாவகாசமாகச் சுற்றித் தளர்ந்தது. வெட்டுக்கிளிகள் கத்தின. இல்கா முதலில் பேசினாள்.

"ஏன்டி புடிச்ச? கேஸ் போகவே இல்ல. நீ ஏன் புடிச்ச?"

"பின்னாடி திரும்பிப் பாரு."

இல்கா பெல்ட்டைக் கழற்றி எழுந்து திரும்பினாள். நின்ற விசிறியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்போ நின்னுச்சு?"

"முந்நூறுல. நான் தொடவே இல்ல."

"அப்ப நான் எறங்கினதெல்லாம் நெசமாவா?" அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. இல்காவின் முகம்தான். அதைப் பார்த்ததும் ஷரோல்தாவுக்கு அழுகை வந்தது. "நான் தள்ளணும்னு நெனைக்கவே இல்ல, ஷரோல்தா. எறங்கிடலாம், வயல் நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன். கை தானாப் போச்சு. என் கைய நானே பாத்துட்டிருந்தேன்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் வந்த பழக்கம்கூட இல்லை, குதிரைமசால் வயலுக்கு மேலே முப்பது தடவை பழக்கியது. ஷரோல்தாவுக்கு அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வழி இருந்தது. என்ஜின் நின்றது, பயிற்சியாளர் காப்பாற்றினாள். ஊர் அவளுக்கு மாலை போட்டிருக்கும், போல்திஜார் ஒரு பாட்டில் பாலிங்காச் சாராயம் திறந்திருப்பார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், லைசென்ஸ் போகும், இந்தப் பெண் முகத்தில் இனி விழிக்க முடியாது. இதெல்லாம் அவள் மனதில் ஓடாமல் இல்லை. ஓடியது என்று அவளே ஒத்துக்கொள்கிறாள்.

"உக்காரு," என்றாள். இல்கா வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். ஷரோல்தா உட்காரவில்லை.

"தேனெஷ் சாகணும்னு நெனைக்கல. நீ இப்ப செஞ்சியே, அதையேதான் செஞ்சான். இருபது மீட்டர் வந்ததும் கை தானாத் தள்ளிச்சு, மூக்கு தானா ஏறிச்சு. என்ஜின் செத்துக் கெடந்துது, அதான் வித்தியாசம். அவனுக்கு எறங்க நான் சொல்லிக்கொடுக்கவே இல்ல, இல்கா. எறங்குற மாதிரி வந்து ஏறத்தான் சொல்லிக்கொடுத்தேன். பரிட்சையிலயும் அதத்தான் செஞ்சான், முழு மார்க் வாங்கினான். என் பேச்ச அப்படியே கேட்டான். அதான் செத்தான்."

 "நான் தள்ளினப்போ பின்னாடி நீ புடிச்ச," என்றாள் இல்கா.

"ஆமா."

"அவன் தள்ளினப்போ பின்னாடி யாரும் இல்ல."

"யாரும் இல்ல."

இல்கா எழுந்து வந்து ஷரோல்தாவின் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. ஷரோல்தா தடுக்கவில்லை. அப்புறம் குத்திய கைகளால் அவள் சட்டையையே பிடித்துக்கொண்டு தலையை அதில் முட்டி அழுதாள். ஒரு வருஷத்தில் அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை. நெஞ்சழுத்தக்காரி, செய்வதைச் செய்துவிட்டு அழாமல் நிற்கிறாள் பார் என்று அதற்கும் ஊர் பேசியிருக்கிறது.

"அப்ப மேல ஏறத்தான் பாத்தான்," என்றாள் சட்டைக்குள்ளிருந்து. "ஏறி வீட்டுக்கு வரத்தான் பாத்தான்."

"வீட்டுக்கு வரத்தான் பாத்தான்."

"இன்னொரு தடவ சொல்லு."

ஷரோல்தா சொன்னாள். அவள் கேட்ட தடவை எல்லாம் சொன்னாள்.

அப்போது வடக்கே ஒரு இரைச்சல் கேட்டது. கானலுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் ஜைரோ வந்தது. நாலு வருஷத்துக்கு முன் ஷரோல்தாவிடம் படித்துத் தேறிய பல் டாக்டர் கொர்நேல். கீழே இருவரைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்து வட்டமிட்டான், கையை ஆட்டினான். அவன் சந்தோஷமாக இருந்தது இவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. அவன் ஒருவன் மட்டுமல்ல. ஷரோல்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளிடம் படித்த நாற்பத்தொரு பேர் இந்தச் சமவெளியின் மேல் அதே கையை வைத்துக்கொண்டு பறந்துகொண்டிருக்கிறார்கள்.

ஓடிப்போய் வண்டியின் ரேடியோவைப் போட்டாள். பேட்டரியில் உயிர் இருந்தது.

"கொர்நேல், நான் ஷரோல்தா. கேக்குதா?"

"நல்லாக் கேக்குது டீச்சர்! வயல்ல என்ன பண்றீங்க? வைக்கோல் திருட எறங்கினீங்களா? போல்திஜாருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு!"

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் சொல்றதக் கேளு. நேரா ஓடுபாதைக்குப் போ, வயல் பக்கம் தாழாத. எறங்கி வண்டிய ஓரம் கட்டு. நான் வர்ற வரைக்கும் மறுபடி ஏறாத."

மேலே ஜைரோ வட்டத்தை நிறுத்தி நேராகப் போனது. அவன் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

"ஏன், என் வண்டியில ஏதாவது கோளாறு தெரியுதா?"

"வண்டியில இல்ல," என்றாள் ஷரோல்தா. "உன் கையில."

"என் கையில என்ன?"

இல்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். ஷரோல்தா பேசும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, முதல் ஆளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.